மகோகனியா, வால்நட்டா? பழைய இங்கிலாந்து எழுத்துப் பெட்டிகள்

எழுத்துப் பெட்டி என்பது, திறந்தால் சாய்வான எழுதுபலகையாக விரியும் மரப்பெட்டி; பேனாவும் மைப்புட்டியும் அதற்குள்ளேயே இருக்கும். வாங்கும்போது எந்த மரம் மேல்? 1800 வாக்கில் செய்த மகோகனிப் பெட்டி திடமான பலகை. மூலைகளில் பித்தளைப் பட்டை. பலவற்றில் பக்கவாட்டில் ஓர் இழுப்பறை உண்டு. மூடியைத் திறந்து, உள்ளே செருகியிருக்கும் பித்தளை ஊசியை உருவினால்தான் அது வரும். தெரியாமல் வெளியிலிருந்து இழுத்தால் பலகை பிளந்துவிடும்.

விக்டோரியா காலத்து வால்நட் பெட்டி கண்ணைப் பறிக்கும். ஆனால் அது பெரும்பாலும் வேறு மரத்தின் மேல் ஒட்டிய வெனீர், அதாவது மெல்லிய மரத்தகடு. நகத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலித்தால் உள்ளே பசை விட்டிருக்கிறது.

இரகசிய அறை இரண்டிலுமே பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: பேனாத் தட்டுக்கு அடியில். தட்டின் ஆழம் 2 செ.மீ., பெட்டியின் உயரமோ 8 செ.மீ. என்றால் மீதி எங்கே போயிற்று? எழுதுபலகையைத் தூக்கி, மைப்புட்டியை வெளியே எடுத்து, அது இருந்த அறையின் ஓரத்துத் தடுப்பை மெதுவாக மேலே இழுங்கள். பலகை ஒன்று துள்ளித் திறக்கும். பின்னால் இரண்டு மூன்று குட்டி இழுப்பறைகள். துள்ளவில்லையா? வில்தகடு துருப்பிடித்திருக்கும், அல்லது ஈரத்தில் பலகை உப்பியிருக்கும். கத்தியால் நெம்பவே கூடாது. பெட்டியைச் சில நாள் உலர்ந்த அறையில் வைத்துவிட்டு, தடுப்பை இழுத்துப் பிடித்தபடி பக்கத்தில் விரலால் தட்டுங்கள்.

எழுதுபலகையின் மேல் ஒட்டிய தோல் நடுமடிப்பில் கிழிந்திருப்பது இரண்டிலும் சகஜம். அதற்காக ஒதுக்க வேண்டாம், தோலை மாற்றிக்கொள்ளலாம். தினமும் எழுத மகோகனியே மேல். நம் ஊர் மழைக்காலத்தை வெனீர் தாங்குவது கடினம்.