இரட்டை மாடி விமானமா, பலாலி வரை வரும் சின்ன விமானமா?

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயில் கொடியேற்றம் கிட்டினால் எங்கள் வீட்டில் ஒரே கதைதான்: இந்த முறை யார் யார் வருகிறார்கள், கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு எத்தனை மணிக்கு வான் வண்டி பிடிப்பது. போன முறை லண்டனிலிருந்து வந்த அக்கா குடும்பத்தைக் கூட்டிவர நான்தான் போனேன். வளைகுடா நகரம் ஒன்று வரை ஏ380 என்ற இரட்டை மாடி விமானத்தில் வந்து, அங்கே இறங்கி, இன்னொரு விமானம் ஏறி, விடியப்புறம் வந்து சேர்ந்தார்கள். அத்தான் தள்ளிவந்த வண்டியில் ஆறு சூட்கேஸ். அவற்றுக்கு மேலே சின்னவன் வாய் திறந்தபடி நித்திரை. அங்கிருந்து வீட்டுக்கு இன்னும் 350 கிலோமீற்றருக்கு மேல். புளியங்குளம் தாண்டும்போது எழும்பி, "அம்மம்மா வீடு வந்திட்டுதா?" என்று கேட்டான். பெரியவளோ வழி நெடுக அந்த இரட்டை மாடியைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தாள்.

லீவுக்கும் திருவிழாவுக்கும் சனம் போய்வரும் வழிகளில் இவ்வளவு பெரிய விமானத்தை ஓட்டுவது சரியா என்ற கேள்வி அன்றிலிருந்து எனக்குள் நிற்கிறது.

பெரியதன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எயார்பஸ் ஏ380 முதன்முதலாகப் பயணிகளோடு பறந்தது 2007 ஒக்டோபர் 25இல், சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு. துபாய் நிறுவனமான எமிரேட்ஸின் இரண்டு வகுப்பு ஏ380இல் 615 பேர் இருக்கலாம். லீவில் போகிறவருக்குக் காலை ஒன்று, மாலை ஒன்று என்று விமானம் தேவையில்லை. நாளுக்கு ஒன்று இருந்தாலே போதும். தொழில் விடயமாக ஓடுகிறவர்தான் நேரம் பார்ப்பார். அப்படியென்றால் எல்லோரையும் ஒரே விமானத்தில் ஏற்றுவது கெட்டித்தனம்தானே? லண்டன் ஹீத்ரோ போல இறங்க இடம் கிடைப்பதே அரிதான நிலையங்களில், கிடைத்த ஒரு நேரத்தில் இரண்டு விமானத்து ஆட்களைக் கொண்டுபோய்விடலாம். உள்ளே இரைச்சலும் குறைவு, இருக்கையும் அகலம். எமிரேட்ஸ் மொரிசியசுக்கு ஏ380 ஓட்டுகிறது. 2023 ஜூனில் பாலிக்கும் தொடங்கியது. இரண்டும் சுற்றுலாத் தீவுகள்தான். ஆனால் அந்த 615 இருக்கையும் ஒரு ஊர்ச் சனத்தால் நிரம்புவதில்லை. ஐரோப்பாவின் பல நகரங்களிலிருந்து துபாயில் வந்து சேருகிறவர்களால் நிரம்புகிறது.

அப்படி நிரம்பாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் சங்கதி. எங்கள் வழி ஓகஸ்டிலும் டிசம்பரிலும் பொங்கி வழியும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியதும் வற்றிவிடும். பாதி இருக்கை காலி என்பதற்காக நாலு எஞ்சினில் இரண்டை நிறுத்திவிட முடியாது. பல நெடுந்தூர விமானங்களின் வருமானத்தில் பெரிய பங்கைத் தருவது முன்பக்கத்து விலைகூடிய இருக்கைகள். குடும்பமாக ஊருக்கு வருகிறவர்கள் அங்கே இருப்பதில்லை. ஐந்து டிக்கெட் எடுக்கிற தகப்பன் மலிவானதைத்தான் தேடுவார். இன்னொன்று, அத்தனை பேரின் பெட்டிகளையும் ஏற்றிய பிறகு ஏ380இன் வயிற்றில் சரக்குக்கு மிஞ்சுகிற இடம் போயிங் 777-300இஆரில் மிஞ்சுவதை விடக் குறைவு. லீவு வழியில் சரக்குக் காசுதான் பல நேரம் கைகொடுக்கும்.

எயார் ஆஸ்திரால் நிறுவனத்தின் கதை எங்களுக்கு நெருக்கமானது. இந்து சமுத்திரத்தில் பிரான்சுக்குச் சொந்தமான ரியூனியன் தீவுக்கும் பாரிசுக்கும் இடையே ஓட்ட, முழுக்க மலிவு வகுப்பாக 840 இருக்கைகளோடு இரண்டு ஏ380 வாங்க 2009இல் முடிவெடுத்தார்கள். பிரான்சில் வேலை செய்துவிட்டு லீவுக்குத் தீவுக்குத் திரும்பும் குடும்பங்கள், அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோர், கடற்கரைக்குப் போகும் பயணிகள் என்று எல்லாம் எங்கள் ஆட்களைப் போலவே. அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. போயிங் 777, 787 விமானங்களை வைத்தே ஓட்டினார்கள்.

நடுத்தர விமானங்களின் பலம் அங்கேதான் தெரிகிறது. போயிங் 787, எயார்பஸ் ஏ350, ஏ330நியோ எல்லாம் இரண்டு எஞ்சின், ஏறத்தாழ 250 முதல் 350 பேர். ஓகஸ்டில் கூட்டம் கூடினால் கிழமைக்கு இரண்டு பறப்பைக் கூட்டலாம். ஒக்டோபரில் குறைக்கலாம், வேறு வழிக்கு மாற்றலாம். நடுவில் எங்கும் இறங்கி மாறாமல் நேராக வரவும் முடியும். 251 ஏ380களோடு 2021இல் எயார்பஸ் அந்தத் தயாரிப்பை நிறுத்தியது. 787 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

விமான நிலையங்களின் பக்கமும் பார்க்க வேண்டும். ஏ380இன் இறக்கை ஏறத்தாழ 80 மீற்றர் அகலம், புறப்படும்போது எடை 575 தொன் வரை போகும். அதற்கேற்ற ஓடுபாதை, இரண்டு மாடிக்கும் போகும் ஏணிப்பாலம், ஒரே நேரத்தில் 600 பேரைத் தாங்கும் குடிவரவு வரிசை எல்லாம் வேண்டும். கட்டிவைத்தால் சனம் வரும் என்றும் இல்லை. தென்னிலங்கையில் 2013இல் திறந்த மத்தள விமான நிலையத்தில் 3,500 மீற்றர் ஓடுபாதை இருக்கிறது, பயணிகள்தான் மிகக் குறைவு.

இனி யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்கள் பலாலி விமான நிலையம். உலகப்போர்க் காலத்து ஓடுபாதை. இலங்கையின் பழைய எயார் சிலோன் நிறுவனத்து நாட்களில் இங்கிருந்து மதராசுக்கும் திருச்சிக்கும் பறந்ததை எங்கள் ஐயா இன்றும் சொல்வார். 2019 ஒக்டோபர் 17இல் சர்வதேச நிலையமாகத் திறந்து, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் சென்னைச் சேவை மறுபடி வந்தது. 2024 செப்டெம்பரில் இந்திய நிறுவனமான இன்டிகோவும் சேர்ந்தது. வருவது ஏ.ரி.ஆர் 72, இறக்கையில் விசிறி சுழலும் சின்ன விமானம். இன்டிகோவினதில் 78 இருக்கை, முழு எடை 23 தொன். ஒரு ஏ380இன் எடையில் இப்படி இருபத்தைந்து நிற்கும். ஆனால் யாழ்ப்பாணத்து மண்ணில் வந்து இறங்குவது இதுதான். மாமி சென்னையிலிருந்து அதில் வந்த அன்று, உரும்பிராயில் அம்மா அவித்து இறக்கிய புட்டு சூடு ஆறும் முன்னே வாசலில் நின்றார். எழுபது வயதில் கொழும்பிலிருந்து வான் வண்டியில் ஏழெட்டு மணித்தியாலம் இடுப்பு நோக இருந்து வருவதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

குறையும் உண்டு. சின்ன விமானத்தில் பெட்டி எடை இறுக்கம், அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். லண்டன்–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–பலாலி வேறு டிக்கெட் என்று எடுத்தால் சென்னையில் பெட்டியை வெளியே எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும்; அதற்கு இந்திய விசாவும் கையில் இருக்க வேண்டும்.

என் முடிவு இது: வருடம் முழுக்க நாலு திசையிலிருந்தும் ஆட்கள் வந்து சேரும் ஒரு பெரிய மையம் இருந்தால் மட்டும் லீவு வழியில் இரட்டை மாடி சரி. இலங்கைக்கு நடுத்தர விமானமே பொருத்தம். அதிலும் யாழ்ப்பாணத்துக்கு, பலாலி ஓடுபாதையை நீட்டி 180 பேர் வரும் ஏ320 ஜெட் விமானம் இறங்கச் செய்வது, கொழும்புக்கு எத்தனை ஏ380 வந்தாலும் அதைவிடப் பெரிய உதவி.

வருகிற ஓகஸ்டுக்கு அக்கா இப்போதே கேட்டுவிட்டார். பிள்ளைகளோடும் ஆறு பெட்டியோடும் வருவதென்றால் கொழும்புக்கு நேர் விமானம் எடுங்கள், நான் வானோடு வருகிறேன் என்று சொன்னேன். அத்தானின் அம்மாவும் வர ஆசைப்படுகிறாராம். அவருக்கு மட்டும் ஒரு சின்னப் பெட்டியோடு சென்னை வழியாகப் போடச் சொல்லியிருக்கிறேன். துணைக்குப் பெரியவள் வருவாளாம், இந்த முறை விசிறி விமானம் பார்க்க வேண்டுமாம்.