12 வார அருட்பணிப் பயிற்சி: பாடம் புதியது, படிவம் பழையது

மாறிவரும் உலகத் திருச்சபையில் அருட்பணியும் சீஷத்துவமும் எப்படி அமைய வேண்டும் என்பதைக் கற்பிக்கும் 12 வார இணையவழிப் பயிற்சி ஒன்றை அண்மையில் முடித்தேன். நடத்துகிற அமைப்பின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்களுடைய உழைப்பை நான் மதிக்கிறேன், நான் காணும் குறையோ அவர்களோடு நின்றுவிடுவதும் அன்று. வாரத்துக்கு இரண்டு காணொளி விரிவுரைகள், வாசிப்புக்கு ஒரு தொகுப்பு, ஐந்து பேர் கொண்ட குழுவோடு ஒன்றரை மணி நேரக் கூடுகை, வார முடிவில் நிரப்பி அனுப்ப வேண்டிய ஒரு படிவம் என்பதே இதன் அமைப்பு. சபையில் பல ஆண்டுகளாக வேதபாடக் குழு நடத்திவருகிற எனக்கு இந்தப் பயிற்சி நிறையக் கொடுத்தது; சில இடங்களில் வருத்தமும் தந்தது.

முதல் மூன்று வாரங்களின் விரிவுரைகளை எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். 1900-ஆம் ஆண்டில் உலகக் கிறிஸ்தவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலானோர் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வாழ்ந்தார்கள் என்பதும், இன்று ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளில் வாழ்கிறார்கள் என்பதும் பலரும் கேள்விப்பட்டிருக்கக்கூடிய செய்திதான். ஆனால் இந்த மாற்றத்தை மிஷனெரிகளின் சாதனைப் பட்டியலாகச் சொல்லாமல், உள்ளூர் விசுவாசிகளின் கதையாகச் சொன்ன விதம் மனத்தைத் தொட்டது. காங்கோவில் 1921-இல் சில மாதங்கள் மட்டுமே வெளிப்படையாகப் பிரசங்கித்த சீமோன் கிம்பாங்குவை பெல்ஜிய ஆட்சி சிறையில் அடைத்தது. முப்பது ஆண்டுகள் சிறையிலேயே இருந்து 1951-இல் அவர் இறந்தார். அந்த முப்பது ஆண்டுகளிலும் அவருடைய பெயரால் எழுந்த சபை வீடு வீடாகப் பரவியது. பணமோ கட்டடமோ வெளிநாட்டு அனுப்புதலோ இல்லாமல் சீஷர்கள் சீஷர்களை உண்டாக்கிய வரலாறு அது. சியரா லியோனில் சபை வரலாறு கற்பிக்கச் சென்ற பிரிட்டிஷ் அறிஞர் ஆண்ட்ரூ வால்ஸ், இரண்டாம் நூற்றாண்டுச் சபையைப் பற்றி மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்த தாம் அப்படிப்பட்ட ஒரு சபையின் நடுவில்தான் குடியிருக்கிறோம் என்று உணர்ந்த நிகழ்ச்சியையும் விரிவுரையாளர் அதே மூச்சில் சொன்னார். அந்தப் பகுதியை மட்டும் நான் மூன்று முறை கேட்டேன்.

நான்காம் வாரம் மாநாடுகளின் வரலாறு. 1910-இல் எடின்பரோவில் ஏறக்குறைய 1,200 பிரதிநிதிகள் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் ஆசியக் கிறிஸ்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. அவர்களில் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா மேடையேறி, மிஷனெரிகளின் தியாகத்தை மனமார ஒப்புக்கொண்டபின், எங்களுக்கு அன்பும் வேண்டும், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். 1963-இல் மெக்சிகோ நகரில் கூடியவர்கள் ‘ஆறு கண்டங்களிலும் அருட்பணி’ என்று, அதாவது எல்லாக் கண்டங்களும் அனுப்பும் இடமும் களமும் ஆகும் என்று பேசினார்கள். 1974-இல் சுவிட்சர்லாந்தின் லொசானில் கூடிய உலக சுவிசேஷ மாநாட்டில் ஈக்வடாரின் ரெனே பதீயாவும் பெருவின் சாமுவேல் எஸ்கோபாரும், நீதியிலிருந்து பிரித்தெடுத்த சுவிசேஷம் முழுச் சுவிசேஷம் ஆகாது என்று வாதாடினார்கள். அதே 1974-இல் இந்தியாவில் ஊழியத்தை நிறைவுசெய்து இங்கிலாந்து திரும்பிய பேராயர் லெஸ்லி நியூபிகின், தம் சொந்த நாடே அருட்பணிக் களமாகிவிட்டதைக் கண்டார். 2024-இல் லொசான் இயக்கத்தின் நான்காம் மாநாடு தென்கொரியாவின் இன்சியோனில் நடந்தது. இவற்றை ஒரே வரிசையில் நிறுத்திப் பார்க்கும்போது, அசரியா கேட்டது கிடைத்ததா என்ற கேள்வி தானாக எழுகிறது. பயிற்சி அந்தக் கேள்வியை எழுப்பும் இடம்வரை நம்மை அழைத்துச்சென்று, பிறகு ஏனோ அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறது.

ஐந்தாம் வாரத்தின் வேதபாடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மத்தேயு 28-ஆம் அதிகாரத்தின் கட்டளையில், கிரேக்க மூலத்தின்படி ஏவல் வினை ஒன்றே ஒன்றுதான்: சீஷராக்குங்கள். போவதும் ஞானஸ்நானம் கொடுப்பதும் உபதேசிப்பதும் அதைச் சார்ந்தே நிற்கின்றன. நம்முடைய பழைய தமிழ் வேதாகமத்தில் ‘சீஷராக்கி’ என்பது எச்சமாக நடுவில் வந்து, வாக்கியம் ‘உபதேசம்பண்ணுங்கள்’ என்று முடிகிறது. தமிழ் இலக்கணத்துக்கு அது இயல்பான அமைப்பே. ஆயினும் அந்த வசனத்தைக் கேட்டு வளர்ந்த நாம், சீஷத்துவம் என்றாலே உட்கார்ந்து பாடம் கேட்பது என்று எண்ணிவிட்டதற்கு அந்த இறுதி வினையும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றியது. இவ்வளவு நாள் இதைக் கவனிக்காமல் பிரசங்கம் கேட்டிருக்கிறேன்.

காணொளிகளுக்குத் தமிழ் எழுத்துரை உண்டு. அது இருப்பதே நன்மைதான்; ஆனால் கருவியால் மொழிபெயர்த்து, தமிழ் அறிந்த விசுவாசி ஒருவரிடம் காட்டாமலே வெளியிட்டிருக்கிறார்கள் என்பது முதல் நிமிடத்திலேயே தெரிகிறது. ‘சீஷத்துவம்’ வர வேண்டிய இடமெல்லாம் ‘ஒழுக்கம்’ என்று வருகிறது. ‘அருட்பணி’ சில இடங்களில் ‘இலக்கு’, சில இடங்களில் ‘பயணம்’. காம்பியாவில் பிறந்த அறிஞர் லாமின் சன்னேயின் கருத்தை ஒரு முழு விரிவுரையில் விளக்குகிறார்கள்: வேதம் தாய்மொழிக்கு வரும்போது அந்த மொழி பேசுகிறவர்கள் சுவிசேஷத்தைத் தங்கள் சொந்த வார்த்தைகளால் சிந்திக்கும் உரிமையைப் பெறுகிறார்கள் என்பதே அவருடைய வாதத்தின் சாரம். அந்த விரிவுரையின் அடியில் ஓடிய எழுத்துரைதான் எல்லாவற்றிலும் மோசமாக இருந்தது. நடத்துகிறவர்கள் இதைத் திருத்தியே ஆக வேண்டும். வாசிப்புத் தொகுப்பும் இப்படித்தான்: ஆப்பிரிக்க, ஆசியச் சபைகளைப் பற்றிய கட்டுரைகள் பல இருந்தன, அந்தச் சபைகளுக்குள்ளிருந்து எழுதியவர்களின் கட்டுரைகளோ விரல்விட்டு எண்ணும் அளவே.

இந்தப் பயிற்சியின் உயிர் குழுக் கூடுகையில் இருக்கிறது. எங்கள் குழுவில் ஐரோப்பிய நகரமொன்றில் தம் நாட்டு மக்களுக்காகச் சபை தொடங்கி, இப்போது அந்த ஊர்க்காரர்களும் வந்து சேர்வதால் எந்த மொழியில் பாடுவது என்று தவிக்கும் நைஜீரியப் போதகர் ஒருவர் இருந்தார். வெளிநாட்டு ஊழியத்திலிருந்து திரும்பிய கொரிய மிஷனெரி ஒருவர் இருந்தார். வேறொரு நாட்டில் ஒரு குடும்பத்தின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிலிப்பைன்ஸ் சகோதரி ஒருவரும் இருந்தார். குழந்தைகள் தூங்கியபின் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியின் வெளிச்சத்தில் முகம் மட்டும் தெரிய, அவர் மெல்லிய குரலில் பேசுவார். அந்த வீட்டில் தம் விசுவாசத்தை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வழியில்லை. பாத்திரம் கழுவும்போது வார்த்தையில்லாமல் ஒரு பாமாலையின் ராகத்தை மட்டும் முணுமுணுப்பதாகவும், ஒருநாள் அந்த வீட்டின் மூத்த பெண்குழந்தை கோபம் வந்து தம்பியை அடிக்கக் கையை ஓங்கிவிட்டுச் சட்டென்று நிறுத்தி, நீங்கள் எங்களை ஒருபோதும் அடித்ததில்லையே என்று தன்னிடம் சொன்னதாகவும் ஏழாம் வாரத்தில் பகிர்ந்துகொண்டார். கொரிய மிஷனெரி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, தமக்காக ஜெபிக்கும்படி அந்தச் சகோதரியிடம் கேட்டார்.

இப்போது படிவத்துக்கு வருகிறேன். இந்த வாரம் எத்தனை பேரிடம் சுவிசேஷம் அறிவித்தீர்கள், எத்தனை பேரைத் தொடர்ந்து சந்திக்கிறீர்கள், எத்தனை பேர் தீர்மானம் எடுத்தார்கள் என்று மூன்று கட்டங்கள். எண்களை மட்டுமே ஏற்கும். அந்தச் சகோதரி வாரந்தோறும் மூன்றிலும் பூஜ்யம் என்று நிரப்பினார். எட்டாம் வாரத்தில், உங்கள் முன்னேற்றம் எதிர்பார்த்த அளவில் இல்லை என்று அவருக்குத் தானியங்கி மின்னஞ்சல் ஒன்று வந்தது. அதை அவர் குழுவில் வாசித்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. ஆறு கண்டங்களிலும் அருட்பணி என்று கற்பிக்கிற ஒரு பயிற்சி, அவர் தூங்க வைத்த குழந்தைகளையும் அந்த இருட்டுச் சமையலறையையும் எந்தக் கட்டத்தில் எழுதச் சொல்கிறது? பொறுப்புணர்வோடு கணக்குக் கேட்பது தவறு என்று நான் சொல்லவில்லை. அந்தியோகியாவில் நீகர் எனப்பட்ட சிமியோனும் சிரேனே ஊரானாகிய லூகியும் ஏரோதுவோடு வளர்க்கப்பட்ட மனாயீனும் ஒன்றாக உபவாசித்து ஜெபித்த சபையைக் குறித்து ஒரு பாடம் முழுவதும் பேசிவிட்டு, அளவிடும்போது மட்டும் விற்பனைக் கணக்கின் மொழிக்குத் திரும்புவதைத்தான் ஏற்க முடியவில்லை.

கடைசி நான்கு வாரங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நகரமயம், புலம்பெயர்வு, இளைஞர் ஊழியம் ஆகியவை தலைக்கு ஒரு விரிவுரையாக ஓடி மறைகின்றன. புலம்பெயர்வுக்காவது மூன்று வாரம் ஒதுக்கியிருக்கலாம்.

வேதபாடக் குழு நடத்துகிறவர்களும், வெளிநாட்டில் சிறு ஐக்கியங்களைத் தாங்கி நிற்கிறவர்களும் இந்தப் பயிற்சியில் சேரலாம் என்பதே என் முடிவு. ஆங்கிலம் ஓரளவு புரிந்தால் தமிழ் எழுத்துரையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். படிவத்துக்குப் பதிலாக, பங்கேற்பவர்கள் தங்கள் வாரத்தை ஐந்து வரியில் எழுத இடம் தரும்படி நடத்துகிறவர்களுக்கு நானும் நைஜீரியப் போதகரும் சேர்ந்து எழுதினோம். அடுத்த அணிக்கு அதைப் பரிசீலிப்பதாகப் பதில் வந்திருக்கிறது. பயிற்சி முடிந்தபின்னும் எங்கள் குழு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடுகிறது. நேரத்தை அந்தச் சகோதரிதான் குறிக்கிறார். குழந்தைகள் தூங்கியபின் அவர் அனுப்பும் செய்திக்காக நாங்கள் நால்வரும் அவரவர் நாட்டில் விழித்திருக்கிறோம்.