மூன்றாவது செட்டுக்கு ஆறு வயது: என் 34 ஃபோர்டின் பிளக் ஒயர்கள்

2018 ஆகஸ்டில், லூயிவில்லில் நடக்கும் ஸ்ட்ரீட் ராட் (மாற்றியமைத்த பழைய பாணி கார்) நேஷனல்ஸுக்கு இண்டியானாபோலிஸிலிருந்து ஐ-65 நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தேன். சீமோர் ஊரைத் தாண்டியதும் எஞ்சினில் மிஸ்ஸிங். ஓரங்கட்டிப் பார்த்தால் இடது பக்கத்தில் ஐந்தாவது சிலிண்டரின் பூட் (ஒயர் முனையில் பிளக்கின் மேல் மாட்டும் உறை) ஹெட்டர் என்னும் எக்ஸாஸ்ட் குழாயில் சாய்ந்து, ஒரு பக்கம் கருகி, உள்ளே இருக்கும் உலோக முனையே தெரிந்தது. அந்த ஸ்பார்க் பிளக் ஒயர் செட் போட்டு ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1934 ஃபோர்டு கூப்பின் உருவம், ஆனால் பாடி ஃபைபர் கிளாஸ். எஞ்சின் செவர்லே 350 ஸ்மால் பிளாக் வி8, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் ஹெச்.இ.ஐ. வகை. ஸ்ட்ரீட் ராட் உலகில் மிகப் பரவலான ஜோடிகளில் இது ஒன்று. இடம் குறுகலாக இருப்பதால் எஞ்சினை ஒட்டியே இறங்கும் பிளாக் ஹக்கர் ஹெட்டர்கள். பிளக் ஒயர் விஷயத்தில் இந்த ஹெட்டர்தான் பாதிச் சிக்கல்.

அந்த முதல் செட் 'ஸ்மால் பிளாக் செவர்லேக்கு அளவெடுத்தது' என்று பெட்டியில் போட்டிருந்ததை நம்பி வாங்கியது. சிவப்பு நிறம், 10 மில்லிமீட்டர் தடிமன். தடிமன் அதிகமென்றால் கரண்ட் நன்றாகப் போகும் என்று நினைத்திருந்தேன். அது தவறு. 8, 8.5, 10 என்று போடும் எண் மேலுறையோடு சேர்த்த குறுக்களவு மட்டும்தான். உள்ளே போகும் கம்பி என்ன வகை என்பதை அது சொல்வதே இல்லை. தடித்த ஒயர் சாதாரண லூமில் (ஒயர்களைப் பிரித்துப் பிடிக்கும் தாங்கி) உட்காராது, குறுகிய இடத்தில் வளையவும் வளையாது. என் ஒயர் வளைய மறுத்துத்தான் பூட்டை ஹெட்டர் பக்கம் தள்ளியிருக்கிறது. இன்னொன்று, ஸ்மால் பிளாக்கில் நடு இரண்டு சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் துளைகள் அடுத்தடுத்து இருக்கின்றன: இடது பக்கம் 3, 5; வலது பக்கம் 4, 6. சூடு அங்கேதான் குவியும். பூட் கருகுவதும் பெரும்பாலும் அந்த நான்கில்தான்.

இரண்டாவது செட் அழகுக்காக வாங்கியது. மேலே பருத்தி நூல் பின்னல், உள்ளே செம்புக் கம்பி. கறுப்புப் பின்னலில் மஞ்சள் கோடு ஓடும். பழைய காலத்து வண்டியின் தோற்றம் அப்படியே வந்துவிட்டது. இன்றும் எனக்கு அது பிடிக்கும். ஆனால் ரேடியோ போட்டால் எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப டிக்டிக் சத்தம். எதிர்ப்பே இல்லாத செம்பு ஒயரில் ஒவ்வொரு பொறியும் வானொலி இரைச்சலைக் கிளப்புகிறது. இரும்பு பாடியாக இருந்தால் அது ஓரளவு தடுத்துவிடும், ஃபைபர் தடுக்காது. ஃபைபர் பாடியோடு வந்த கார்வெட்டில் அந்தக் காலத்திலேயே செவர்லே இக்னிஷனுக்கு மேல் உலோக மூடி போட்டது இதற்காகத்தான்.

ரேடியோவை அணைத்துவிடலாம். 2019 வசந்தத்தில் கார்புரேட்டரை எடுத்துவிட்டு த்ராட்டில் பாடி ஃபியூயல் இஞ்செக்ஷன் போட்டேன், அங்கேதான் நிஜமான தொல்லை ஆரம்பித்தது. ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 750 சுற்று காட்ட வேண்டிய இஞ்செக்ஷன் கணினியின் திரையில் எண் திடீரென்று 2,000க்குத் தாவும், உடனே எஞ்சின் அணைந்துவிடும். சென்சார், எர்த் ஒயர், பெட்ரோல் பம்ப் என்று இரண்டு வார இறுதிகள் தேடினேன். தெருவில் எதிர் வீட்டில் இருக்கும் பெரியவர், நாற்பது வருடம் எஞ்சின் வேலை பார்த்தவர், பானெட்டுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த ஒயரைக் கழற்றிவிட்டுப் பேசு" என்றார். கழற்றி வேறு ஒயர் மாட்டினேன். சரியாகிவிட்டது; அந்த இரைச்சல்தான் கணினியைக் குழப்பியிருக்கிறது. பின்னல் ஒயர்தான் வேண்டும் என்பவர்கள், அதே தோற்றத்தில் உள்ளே இரைச்சலடக்கும் கோர் (நடு இழை) கொண்ட ஒயர் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது ஓடுவது மூன்றாவது செட். டெய்லர் ஸ்பைரோ புரோ, 8 மில்லிமீட்டர், நாமே வெட்டிப் பொருத்தும் வகை. உள்ளே மெல்லிய உலோக இழை சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். அந்தச் சுருளே இரைச்சலை அடக்குகிறது. எதிர்ப்பு அடிக்கு 350 ஓம். பழைய தொழிற்சாலை கார்பன் ஒயர்களில் இது அடிக்குச் சில ஆயிரம் ஓம் இருக்கும். 2019 ஜூனில் போட்டேன், 12,000 மைல் ஓடியிருக்கிறது. திரையில் அந்தத் தாவல் திரும்ப வரவே இல்லை.

வாங்கும்போது பூட்டின் கோணத்தை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். என் ஹெட்டருக்கு 90 டிகிரி பூட்தான் சரிப்பட்டது. வேறு ஹெட்டருக்கு 135 அல்லது நேர் பூட் பொருந்தலாம். ஒரு பழைய பூட்டை பிளக்கில் மாட்டி, சுற்றிலும் விரல் நுழைகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கமும் கவனம் தேவை: 1975 வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த ஹெச்.இ.ஐ. கேப்பில் (டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி) முனை வெளியே துருத்தியிருக்கும், அதற்கு முந்தைய கேப்பில் குழி. செட் இரண்டுக்கும் வேறு வேறு.

பொருத்த ஒரு சனிக்கிழமை முழுக்க ஆனது. பிளக் பக்க முனை செட்டிலேயே அடித்து வரும். கேப் பக்கம்தான் நம் வேலை. முதலில் பிளக்கில் மாட்டி, லூம் வழியாக ஓடவிட்டு, கேப் வரை வந்தபின் ஒரு அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டினேன். வெட்டியதும் பூட்டை ஒயரில் நுழைத்துவிட வேண்டும், முனை அடித்த பிறகு நுழையாது. பிறகு மேலுறையை 12 மில்லிமீட்டர் அளவுக்கு உரித்து, உள்ளிருக்கும் கோரை அறுபடாமல் வெளியே எடுத்து, பின்பக்கமாக மடித்து உறையோடு ஒட்டி வைத்து, அதன் மேல் முனையைப் போட்டு இறுக்க வேண்டும். கோர் முனையின் உலோகத்தைத் தொடாவிட்டால் அந்த இடைவெளியில் பொறி தாவித் தாவி உள்ளேயே எரித்துவிடும். செட்டோடு வந்த சின்ன அச்சு இதற்குப் போதாது. முதல் முனை அதில் நசுங்கிப் போனது. கடையில் போய் ராட்செட் வைத்த கிரிம்பிங் டூல் வாங்கி வந்தேன். மற்ற எல்லாம் ஒரே அழுத்தில் முடிந்தன.

ஒவ்வொன்றையும் முடித்ததும் மீட்டரில் அளந்தேன். நீளமான ஒன்றாம் நம்பர் 1,050 ஓம், பக்கத்தில் இருக்கும் ஏழாம் நம்பர் 610. ஒரு ஒயர் மட்டும் எண் நில்லாமல் ஆடியது, அதை வெட்டித் திரும்ப அடித்தேன். என் மகள் டேப்பில் எண் எழுதி ஒட்டிக்கொண்டே வந்ததால் பொறி விழும் வரிசை குழம்பவில்லை: கேப்பில் கடிகாரம் சுற்றும் திசையில் 1-8-4-3-6-5-7-2.

இந்த வரிசையில் 5, 7 அடுத்தடுத்து வருவதைக் கவனியுங்கள். ஒற்றை எண்கள் எல்லாம் இடது பக்கம் என்பதால் இரண்டும் அங்கே அடுத்தடுத்த சிலிண்டர்கள். ஒயர்களும் ஒட்டிக்கொண்டே நீளமாக ஓடினால், ஐந்தில் கரண்ட் பாயும்போது ஏழிலும் தூண்டப்பட்டு நேரத்துக்கு முன்பே பொறி விழலாம். ஏழு அப்போதுதான் கலவையை அழுத்திக்கொண்டிருக்கும். பிஸ்டனுக்கு அது நல்லதல்ல. லூமில் நடுவே மூன்றாம் ஒயரைப் போட்டு இரண்டையும் பிரித்திருக்கிறேன்.

3, 4, 5, 6 பூட்களுக்கு மட்டும் கண்ணாடி நார் உறை மாட்டினேன். எல்லாப் பூட்டுக்குள்ளும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம், பட்டாணி அளவுக்கும் குறைவாக. அது இருந்தால் பூட் பிளக்கோடு ஒட்டிக்கொள்ளாது. கழற்றும்போது ஒயரை இழுக்காதீர்கள். பூட்டைப் பிடித்துத் திருகி, பிறகு இழுங்கள்.

வருடம் ஒரு தடவை, ஏப்ரலில் வண்டியை வெளியே எடுக்கும் முதல் இரவு, வீட்டு முன் பாதையில் விளக்கெல்லாம் அணைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டு ஒயர்கள் மேல் தண்ணீரைப் புகைபோலத் தெளிப்போம். 2022இல் மகள்தான் முதலில் பார்த்தாள். "அப்பா, அங்க பாருங்க, நீலமா ஓடுது!" வலது பக்கம் ஆறாவது ஒயர், லூமின் ஓரத்தில் உரசி மேலுறை தேய்ந்து, அங்கிருந்து வால்வ் கவர் போல்ட்டுக்கு மெல்லிய நீலக் கோடு துடித்துக்கொண்டிருந்தது. பகலில் பார்த்தால் அந்தத் தேய்வு நகக்கீறல் அளவுகூட இல்லை. அந்த ஒரு ஒயரை மாற்றினேன். குறை லூமில்தான்: செட்டோடு வந்த பிளாஸ்டிக் சூட்டில் இறுகி, ஓரம் கத்தி மாதிரி ஆகிவிட்டது. இப்போது இரண்டு பக்கமும் ரப்பர் பதித்த அலுமினிய லூம்.

இந்த ஏப்ரலில் அளந்தபோது ஒன்றாம் நம்பர் 1,090 ஓம், ஏழு 630. எட்டாவதின் பிளக் பக்க பூட் மட்டும் விளிம்பில் கொஞ்சம் இறுகியிருக்கிறது, விரலால் அழுத்தினால் பழைய மென்மை இல்லை. அன்று கூடுதலாக விட்ட அங்குலம் இன்னும் மிச்சம் இருப்பதால், குளிர்காலத்தில் வண்டியை உள்ளே நிறுத்தியதும் அந்த முனையை வெட்டிப் புது பூட் போட்டுவிடுவேன்.