பனியாற்று மாதிரிப் பெட்டி: வாங்கலாம், மணலை மட்டும் மாற்ற வேண்டும்

சுங்கை சிப்புட் நகரின் எழுதுபொருள் கடையொன்றில் 68 ரிங்கிட்டுக்கு விற்கப்படும் பனியாற்று நிலவுருவ மாதிரிப் பெட்டியை என் டியூஷன் வகுப்புக்காக வாங்கினேன். செம்பனைத் தோட்டங்களையும் சுண்ணாம்புக் குன்றுகளையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டியான பனியாறு மண்ணையும் கல்லையும் சுமந்து வந்து குன்றாக விட்டுச் செல்லும் என்பதை வாய்ச்சொல்லால் விளக்குவது கடினம். அவர்கள் அறிந்த குன்றுகளோ மழைநீர் கரைத்தது போக எஞ்சி நிற்பவை.

நான்கு பலகைகளில், பனியாற்றின் அடியில் உருவான மேடுகளைக் காட்டும் டிரம்லின் பலகையே மிகச் சிறந்தது. பாதி முட்டையைக் கவிழ்த்து வைத்ததுபோன்ற மேடுகள், பனி வந்த திசையில் மழுங்கிச் செங்குத்தாகவும் அது சென்ற திசையில் மெலிந்து சரிவாகவும் ஒரே போக்கில் அமைந்திருப்பதால், கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே பனி எப்பக்கமிருந்து நகர்ந்தது என்று மாணவர் சொல்லிவிடுகிறார். அயர்லாந்தின் குளூ விரிகுடாவில் இவை கடலில் பாதி மூழ்கித் தீவுகளாக நிற்பதைக் கையேடு படத்துடன் காட்டுகிறது. டிரம்லின்கள் உருவான விதம் குறித்து ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்தொற்றுமை இல்லை என்பதையும் அது மறைக்கவில்லை. பள்ளிக்கான பொருள்களில் இந்த நேர்மை அரிது.

மண்ணில் புதைந்த பனிக்கட்டி உருகியதால் உண்டான குழிகளான கெட்டில் பள்ளங்களின் பலகை பரவாயில்லை. பனி எட்டிய கடைசி எல்லையில் குவிந்த மண்மேடான இறுதி மொரைனுக்கு அமெரிக்காவின் லாங் ஐலண்ட் நல்ல எடுத்துக்காட்டுதான்.

பெரிய குறை, உடன் தரப்படும் மண் பொட்டலங்களில் உள்ளது. பனி நேரடியாகக் கொட்டும் 'டில்' என்னும் படிவில் களிமண் முதல் பாறை வரை எல்லாம் தரம் பிரியாமல் கலந்திருக்கும். 'எஸ்கர்' என்பதோ பனிக்கடியிலுள்ள சுரங்க வழிகளில் ஓடிய உருகுநீர் மணலையும் சரளையையும் தரம் பிரித்துப் படியவைத்த வளைந்து நெளிந்த நீள்மேடு. இரண்டுக்கும் ஒரே சீரான ஆற்றுமணலைக் கொடுத்துவிட்டால் பாடத்தின் உயிரே போய்விடுகிறது. தோட்டச் சாலையின் செம்மண், உடைகல், களிமண் ஆகியவற்றைக் கலந்து டில் பொட்டலத்தை நானே தயாரித்துக்கொண்டேன், செலவு ஏதுமில்லை.

சபாவின் கினபாலு உச்சியில் பனியுகத்தில் பனிக்கட்டி கவிந்திருந்ததற்கான தேய்ப்புத் தடங்கள் உள்ளன. மலேசியாவில் விற்கப்படும் பெட்டியின் கையேட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லாதது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்க்க அனுமதிக்கிறார். பலகைகளின் விளிம்பு உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிறகு மாற்றித் தருவதில்லை.