வேன் வண்டியிலேயே வாழ்வதா, விடுமுறைக்கு மட்டும் அதில் போய்வருவதா?

2020-ல் கொரோனாவால் அலுவலக வேலை வீட்டுக்கே வந்துவிட்டதும், அமெரிக்காவில் பலர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, வேனுக்குள் கட்டில், அடுப்பு, சோலார் தகடு எல்லாம் பொருத்திக்கொண்டு கிளம்பினார்கள். 2022-ல் கடன் வட்டி ஏறியது, அலுவலகங்களும் திரும்பக் கூப்பிட்டன, அந்த வேகம் தணிந்துவிட்டது.

முழுநேரமும் வேனில் இருந்தால் வாடகை மிச்சம், உண்மைதான். ஆனால் தண்ணீர் எங்கே பிடிப்பது, கழிவை எங்கே கொட்டுவது, இன்று ராத்திரி எங்கே நிறுத்துவது என்பதே தினசரி வேலையாகிவிடும். அரசின் பொது நிலங்களில் பெரும்பாலும் 14 நாளுக்கு மேல் ஒரே இடத்தில் தங்க முடியாது, பல நகரங்களில் வண்டிக்குள் தூங்கினாலே அபராதம். வண்டி மெக்கானிக்கிடம் போனால் வீடும் கூடவே போய்விடும், இதைப் பலர் முதலில் யோசிப்பதில்லை.

வீட்டை வைத்துக்கொண்டு விடுமுறைக்கு மட்டும் போவது இரட்டைச் செலவு. சரி, அதற்கு பென்ஸ் ஸ்பிரின்டர் மாதிரி விலை கூடிய பெரிய வேன்தான் வேண்டும் என்றில்லை, பழைய மினிவேனில் பின் இருக்கையைக் கழற்றி மெத்தை போட்டாலே யூட்டா மாநிலத்துப் பாலைவனம் வரை போய்வரலாம். குழந்தைகள் இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். தனியாள், எங்கிருந்தும் செய்யக்கூடிய வேலை என்றால், முதலில் மூன்று மாதம் வாடகை வேனில் இருந்து பாருங்கள், அதில் குளிர்காலமும் இருக்கட்டும்.