ஏழரை மணி நேரக் குழந்தைக் காப்பகமும் பத்து மணி நேரத் தேவையும்: எந்த ஏற்பாடு யாருக்குக் கைகொடுக்கும்?

சட்டப்படி பேறுகால விடுப்பு 26 வாரம். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம் என்பதால், தாய் வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்குப் பெரும்பாலும் ஆறு மாதம்கூட நிறைந்திருக்காது. தமிழ்நாட்டு அங்கன்வாடியில் முன்பருவக் கல்விக்குச் சேர்ப்பதோ இரண்டு வயதிலிருந்துதான். இடைப்பட்ட ஒன்றரை வருடத்துக்கு அரசு வீட்டுக்குக் கொடுப்பது சத்துமாவு. அதைக் கிண்டி ஊட்ட வீட்டில் ஆள் வேண்டுமே! அரசுக் காப்பகங்களைப் பெருக்குவது என்றால் முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை இதுதான். அதற்கு இப்போது இருக்கும் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அங்கன்வாடியோடு இணைந்த காப்பகம்

மத்திய அரசின் பெண்கள் நலத் திட்டத் தொகுப்பான மிஷன் சக்தியில் வரும் ‘பால்னா’ திட்டம் இது. நாடு முழுக்க 17,000 மையங்கள் இலக்கு. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை சேர்க்கலாம். மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம். ஒரு மையத்தில் 25 குழந்தைகள் வரை. இதன் பெரிய பலம், கட்டடமும் அடுப்பும் எடை பார்க்கும் கருவியும் ஏற்கெனவே அங்கே இருப்பது. தடுப்பூசிக்குக் கிராமச் செவிலியர் வந்துபோகும் இடமும் அதுதான். புதிதாகக் காப்பகம் கட்டுவதோடு ஒப்பிட்டால் செலவு வெகு குறைவு.

பலவீனம் நேரக்கணக்கில் இருக்கிறது. எட்டு மணி நேர ஷிஃப்ட், அரை மணி நேர இடைவேளை, போக வர ஒரு மணி நேரம் என்று கூட்டினால் தாய்க்குத் தேவை ஒன்பதரை மணி நேரம். பேருந்து தாமதமானால் பத்து. காப்பகம் தருவது ஏழரை. மீதி இரண்டு மணி நேரத்துக்குப் பாட்டியோ பக்கத்து வீட்டுக்காரரோ இருந்தால்தான் திட்டம் பயன்படும். அப்படி ஆள் உள்ள வீடுகளுக்கு இந்தக் காப்பகம் அவ்வளவு அவசரத் தேவையும் இல்லை.

அடுத்தது சம்பளம். காப்பகப் பணியாளருக்கு மாதம் 5,500 ரூபாய், உதவியாளருக்கு 3,000 ரூபாய் மதிப்பூதியம். 26 நாளை ஏழரையால் பெருக்கினால் 195 மணி நேரம். பணியாளருக்கு மணிக்கு 28 ரூபாய், உதவியாளருக்குச் சுமார் 15. ஒரே கூரையின் கீழ் அங்கன்வாடி ஊழியர் சிறப்புக் காலமுறை ஊதியத்தில் இருக்க, மலம் கழுவித் தூளி ஆட்டுபவருக்கு இந்தத் தொகை. நல்ல ஆள் வந்தாலும் நிலைக்கமாட்டார்.

25 குழந்தைகளுக்கு இரண்டு பேர் போதும் என்பது காகிதத்தில் சரி. மதியம் பன்னிரண்டு மணிக்கு அந்த அறையை நினைத்துப் பாருங்கள்: தவழும் வயதில் நான்கு, பால் குடிக்கும் வயதில் இரண்டு. ஒருவர் ஊட்டுகிறார், இன்னொருவர் ஒரு குழந்தைக்குத் துணி மாற்றிக் கையைக் கழுவி வருகிறார். மீதிக் குழந்தைகளின் மேல் யாருடைய கண்ணும் இல்லை. நிறுவனக் காப்பகங்களுக்கு 2018இல் வந்த வழிகாட்டுதல், மூன்று வயதுக்குக் கீழே பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் என்கிறது. கைக்குழந்தைகள் கூடினால் மூன்றாவது ஆளைக் கட்டாயமாக்குவதுதான் முறை.

கம்பெனிக் காப்பகம்

பேறுகாலப் பயன் சட்டத்தின் 2017 திருத்தம் கொண்டுவந்த விதிப்படி 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் காப்பகம் வேண்டும். தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். 50 என்பது ஆண்களையும் சேர்த்த எண்ணிக்கை. 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்த ‘30 பெண்களுக்கு மேல்’ என்ற வரம்பு, பெண்களை 30 பேரோடு நிறுத்திக்கொள்ளும் ஆசையைத் தூண்டியது. அந்த வகையில் புதிய கணக்கு மேல்.

நேரம் இங்கே பிரச்சினை இல்லை. ஷிஃப்ட் முடியும்வரை திறந்திருக்கும். ஆனால் தையல் லைனில் ஒருவர் எழுந்தால் அடுத்த மெஷினில் பீஸ் தேங்கும். சூப்பர்வைசர் முகம் சுளிப்பார், நான்கு முறை ஒன்றாகச் சுருங்கும். காலையில் நெரிசலான கம்பெனி வண்டியில் கைக்குழந்தையோடு ஏறுவதும் லேசில்லை. அதனால்தான் தொட்டில்கள் வரிசையாக இருந்தும் பல காப்பகங்கள் காலியாகக் கிடக்கின்றன. செலவு முழுதும் முதலாளி தலையில் விழுவதால், இளம் தாய்மாரை எடுக்கத் தயங்கும் குணமும் சேர்ந்தே வருகிறது. பல நிறுவனங்கள் சேர்ந்து தொழிற்பேட்டை வாசலில் ஒரு பொதுக் காப்பகம் நடத்தி, ஊழியர் சம்பளத்தை அரசு ஏற்றால் இந்த இரண்டு சிக்கலும் பாதியாகும். வீட்டு வேலை, கட்டட வேலை, கடை வேலை செய்பவர்களை இந்த வழி அப்போதும் தொடாது.

ஊராட்சிக் காப்பகம்

நூறு நாள் வேலையைக் கொண்டுவந்த 2005 வேலை உறுதிச் சட்டத்தின் விதி, பணியிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அதே கூலி தரச் சொன்னது. நடைமுறையில் அது மரத்தடி, புடவைத் தூளி, வெயில் என்றே இருந்தது. கர்நாடகம் 2023இல் இதைக் கூரைக்குள் கொண்டுவந்தது: 4,000 கிராம ஊராட்சிகளில் ‘கூசின மனெ’, அதாவது குழந்தை வீடு. வேலை அட்டை வைத்திருக்கும் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து முறைவைத்து அமர்த்தினார்கள். மதிப்பூதியம் என்ற பெயரில் ஏமாற்றாமல் நாள்கூலி கொடுத்தது நல்ல விஷயம். குறை என்னவென்றால், ஒரு வீட்டுக்கு நூறு நாள் என்று அந்தச் சட்டம் வைத்த உச்சவரம்பால் ஆள் மாறிக்கொண்டே இருந்தார். ஒரு வயதுக் குழந்தை ஒரு முகத்துக்குப் பழகவே வாரங்கள் ஆகும். பழகும் நேரத்தில் அந்த முகம் போய்விடும்.

கையில் பணமாகக் கொடுத்துவிடலாம் என்பது நான்காவது யோசனை. காப்பகமே இல்லாத ஊரில் பணம் எதை வாங்கும்? பெரிய நகரங்களுக்கு வேண்டுமானால் பொருந்தும்.

எங்கள் தேர்வு அங்கன்வாடிக் காப்பகம்தான், மூன்று மாற்றங்களோடு: காலை எட்டு முதல் மாலை ஆறு வரை இரண்டு ஷிஃப்டாக ஆள், குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத சம்பளம், தவழும் குழந்தைகளுக்குத் தனித் தடுப்பு. பணத்தை மாநிலமும் மத்திய அரசும் பகிர்வதில் எச்சரிக்கை தேவை. பழைய தேசியக் காப்பகத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கை 2017இல் 90 விழுக்காட்டிலிருந்து 60க்கு இறக்கியதும், ஆயிரக்கணக்கான காப்பகங்கள் மூடப்பட்டன.

குழந்தையைச் சேர்க்கப் போகிறவர்கள் வாசலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பணியாளர் லீவு போட்டால் யார் வருவார் என்பது. ‘அன்றைக்கு மூடிவிடுவோம்’ என்று பதில் வந்தால், அன்றைக்குத் தாய்க்குக் கூலியும் போகும், வருகைக்கான போனஸும் போகும்.