வெள்ளிக்கு வரியா, கொலுசுக்கு வரியா? சேலத்துத் தொழில்களுக்கு எது கைகொடுக்கிறது

உள்நாட்டுத் தொழிலைக் காப்பாற்ற வேண்டும் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இறக்குமதி வரிதான். வரியை ஏற்றினால் வெளிநாட்டுச் சரக்கு நின்றுவிடும், நம் ஆட்களுக்கு வேலை கிடைக்கும் என்பது டீக்கடை முதல் டெல்லி வரை கேட்கிற பேச்சு. ஆனால் அரசின் கையில் இருப்பது வரி மட்டும் இல்லை. இறக்குமதிக்கு உரிமம் கேட்கலாம், குறைந்தபட்ச விலை வைக்கலாம், தரமுத்திரையைக் கட்டாயமாக்கலாம், உற்பத்தியாளருக்கு ஊக்கத்தொகை தரலாம், அரசே சரக்கை வாங்கலாம். கடந்த சில ஆண்டுகளில் இவை ஒவ்வொன்றும் சேலம் மாவட்டத்தில் ஏதோ ஒரு தொழிலைத் தொட்டிருக்கின்றன. எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று பார்க்க நாம் வேறு ஊருக்குப் போக வேண்டியதில்லை.

முதலில் வெள்ளி. சேலம் கொலுசு பெரும்பாலும் வீட்டோடு ஒட்டிய பட்டறைகளில்தான் உருவாகிறது. சிவதாபுரம், பனங்காடு பக்கம் போனால் ஒரு ஜோடிக் கொலுசு எத்தனை கை மாறுகிறது என்பது தெரியும். கட்டியை உருக்கிக் கம்பி இழுப்பது ஒரு இடம், கண்ணி கோப்பது இன்னொரு வீடு, சலங்கை வைப்பது, மெருகு போடுவது, திருகாணி மாட்டுவது என்று ஒவ்வொன்றும் தனி வேலை. கண்ணி கோப்பதில் பெண்கள் அதிகம். அரிசியளவு வளையத்தை இடுக்கியால் எடுத்து, அடுத்ததில் மாட்டி, வாயை நெருக்கி, பற்றவைக்கும் பொடி வைத்து, தீயைக் காட்ட வேண்டும். தீ கொஞ்சம் கூடினால் கண்ணி உருகிவிடும், குறைந்தால் ஒட்டாது. பட்டறைக்காரர்களில் பலர் வெள்ளியைச் சொந்தமாக வாங்குவதில்லை. வியாபாரி கட்டி கொடுப்பார், சேதாரம் போக எடைக்கு எடை கொலுசு திரும்பிப் போகும், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வரும்.

இந்தக் கூலி முறையை மனதில் வைத்துக்கொண்டு வரியைப் பார்க்க வேண்டும். 2023 பட்ஜெட்டில் வெள்ளிக் கட்டிக்கான இறக்குமதி வரி தங்கத்துக்குச் சமமாக 15 சதவீதம் ஆனது. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் அது 6 சதவீதமாக இறங்கியது. உலகச் சந்தையில் ஒரு கிலோ 80,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதல் கணக்கில் வரி மட்டும் 12,000 ரூபாய், இரண்டாவதில் 4,800. கிலோவுக்கு 7,200 ரூபாய் வித்தியாசம். இதை வாங்குகிறவர்தானே கொடுக்கிறார், பட்டறைக்காரருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். விலை ஏறினால் கடைக்கு வருகிறவர் கனமான கொலுசை விட்டுவிட்டு மெல்லிசாக ஒன்றை எடுப்பார். மெல்லிய கொலுசிலும் கண்ணிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ அதேதான், வேலை இன்னும் நுணுக்கம், எடை மட்டும் குறைவு. கூலி எடைக்கு என்பதால் கோத்தவருக்கு வருகிற பணம் குறைகிறது. வெள்ளி விலையில் வரும் ஏற்றத்தை யாரும் தடுக்க முடியாது, சரி. ஆனால் அதன் மேல் அரசே ஏற்றி வைக்கிற சுமை கடைசியில் அந்த இடுக்கி பிடித்த கையில்தான் இறங்குகிறது.

இதைவிடப் பெரிய கோணல் ஒன்று பக்கத்திலேயே இருந்தது. ஆசியான் என்ற தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்புடனான சரக்கு வர்த்தக ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி தாய்லாந்திலிருந்து செய்துமுடித்த வெள்ளி நகை வரியில்லாமல் உள்ளே வரலாம். அதாவது வெள்ளிக் கட்டிக்கு வரி உண்டு, நகைக்கு வரி இல்லை. இங்கே உட்கார்ந்து வேலை செய்தால் வரி கட்டிய வெள்ளியில் செய்ய வேண்டும், அங்கே செய்து அனுப்பினால் ஒன்றும் கிடையாது. கட்டிக்கு வரி ஏற ஏற, அந்த வழியாக வருகிறவருக்கு லாபம் ஏறியது. ஒப்பந்தத்தில் ஒரு காவல் இருக்கிறது. பொருளின் மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் ஆசியான் நாடுகளுக்குள் கூடியிருக்க வேண்டும். கல் பதிக்காத வெறும் வெள்ளி நகையில் கூலி எவ்வளவு சிறிய பங்கு என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளியிலிருந்து வாங்கிய வெள்ளியில் சாதாரணச் சங்கிலி செய்து 35 சதவீதத்தைத் தொடுவது நடக்கிற காரியமா? காகிதத்தில் மட்டும் தொட முடியும்.

2025 செப்டம்பரில் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் கல் பதிக்காத வெள்ளி நகைகளின் இறக்குமதிக்கு உரிமம் கட்டாயம் என்று அறிவித்தது. 2026 மார்ச் 31 வரை என்று அப்போது காலம் குறித்தார்கள். ஒப்பந்தத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கத்தான் இந்தக் கட்டுப்பாடு என்பது அரசே சொன்ன காரணம். வரி செய்ய முடியாத வேலையை உரிமம் ஒரே அறிவிப்பில் செய்தது, ஒப்பந்தத்தில் பூஜ்யம் என்று கையெழுத்துப் போட்ட பிறகு வரியை ஏற்ற வழியில்லையே. ஆனாலும் உரிமம் ஒரு தற்காலிகத் தடுப்புதான். நாள் முடிந்தால் மறுபடி நீட்டிக்கக் கேட்க வேண்டும், யாருக்கு உரிமம் என்பது ஒரு கோப்பைப் பொறுத்தது. ஆசியான் ஒப்பந்தத்தைத் திருத்தும் பேச்சுகளில் இந்தக் கட்டி–நகை கோணலை நிமிர்த்துவதுதான் நிலையான தீர்வு.

அப்புறம் இரும்பாலை. சேலம் உருக்காலைக்கு அடிக்கல் 1970இல், உற்பத்தி 1982இல். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் நாட்டுக்கே பெயர் வாங்கித் தந்த ஆலை. 2017 செப்டம்பரில் சீன ஸ்டெயின்லெஸ் தகடுகளுக்கு 18.95 சதவீத ஈடுகட்டு வரி போட்டார்கள். சீன அரசு தன் ஆலைகளுக்குக் கொடுக்கும் மானியத்துக்கு ஈடாக விதிக்கப்பட்டது அது. நியாயமான வரிதான், ஏனென்றால் எதிரில் நிற்பது இன்னொரு ஆலை இல்லை, ஒரு அரசின் கஜானா. ஆனால் நடந்தது என்ன? சீனாவை மூடியதும் இந்தோனேசியாவிலிருந்து சரக்கு கூடியது. அங்கே பெரிய ஸ்டெயின்லெஸ் ஆலையைக் கட்டியதே சீன முதலீடுதான், வந்த வழி அதே ஆசியான் ஒப்பந்தம். இன்னொரு பக்கம் தகட்டை வாங்கிப் பாத்திரம் அழுத்துகிற சிறு பட்டறைகளுக்கு விலை ஏறியது. 2021 பட்ஜெட்டில் அந்த வரியை நிறுத்தி வைத்தார்கள், 2022இல் உலோக விலை உயர்வைக் காரணம் காட்டி ரத்தே செய்துவிட்டார்கள்.

ஆலைக்கும் பட்டறைக்கும் ஒரே நேரத்தில் உதவுகிற வழி இல்லையா என்றால், இருக்கிறது. ஸ்டெயின்லெஸ்ஸுக்கு நிக்கல் வேண்டும், நம் நாட்டில் நிக்கல் சுரங்கம் இல்லை. வெள்ளி வரியைக் குறைத்த அதே 2024 ஜூலை பட்ஜெட்டில் ஃபெர்ரோ நிக்கல் என்ற இரும்பு–நிக்கல் கலவைக்கு இருந்த 2.5 சதவீத வரியை நீக்கினார்கள். செய்தியில் பெரிதாக வராத ஒரு மாற்றம். ஆனால் உருக்குகிறவருக்குச் செலவு குறைகிறது, அதனால் யாருக்கும் விலை ஏறவில்லை. தகட்டின் மேல் வரி போட்டால் ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் கொடுக்க வேண்டியிருக்கிறது, மூலப்பொருளின் மேல் இருக்கும் வரியை எடுத்தால் அந்தச் சண்டையே வருவதில்லை. உருக்காலையில் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்த குடும்பங்கள் மோகன் நகரில் இருக்கின்றன. 2019இல் ஆலையை விற்க அரசு முயன்றபோது அவர்கள் தெருவில் இறங்கிப் போராடியதை இந்த ஊர் பார்த்தது. மூலப்பொருள் செலவைக் குறைப்பதுதான் அந்த ஆலைக்கு நீடித்து நிற்கிற உதவி என்று நான் நினைக்கிறேன்.

தரமுத்திரை வழியாகக் கொடுக்கும் பாதுகாப்பு மூன்றாவது வகை. கேட்பதற்கு நல்லதாக இருக்கும், தரத்தை யார் வேண்டாம் என்பார்கள்? 2023இல் பாலியெஸ்டர் நூல்களுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் உரிமம் இல்லாத வெளிநாட்டு ஆலையின் நூல் உள்ளே வர முடியாது. இளம்பிள்ளையில் தறி ஓட்டுகிறவர் வெளிநாட்டு நூலைக் கண்ணால் பார்த்திருக்காவிட்டாலும் இது அவரைத் தொடும். வெளியிலிருந்து வர வாய்ப்பு இருக்கும்வரைதான் உள்நாட்டுப் பெரிய ஆலைகள் விலையில் அடங்கி நிற்கும். அந்த வாய்ப்பு போனால் அவர்கள் சொல்வதுதான் விலை. சேலை விலையை அதற்கு ஏற்றாற்போல் ஏற்றலாம் என்றால் சூரத் சேலை அதே கடையில் அடுத்த அலமாரியில் தொங்குகிறது. சூரத்துக்கு எதிராக எந்தச் சுங்க வரியும் கிடையாது, இருக்கவும் கூடாது. 2025 நவம்பரில் பாலியெஸ்டர், விஸ்கோஸ் ஆகியவற்றின் மேலிருந்த இந்த ஆணைகளைத் திரும்பப் பெற்றார்கள். செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் கொலுசிலேயே இருக்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளி நகைக்கும் தனி அடையாள எண்ணுடன் ஹால்மார்க் வந்தது, விருப்பம் இருந்தால் மட்டும். முத்திரை இங்கே செய்துமுடித்த பொருளின் மேல் விழுகிறது, யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, நல்ல வெள்ளியில் செய்கிறவருக்குப் பெயர் வாங்கித் தருகிறது. ஒரே கருவி, நூலின் மேல் வைத்தபோது நெசவாளரை நெருக்கியது, கொலுசின் மேல் வைக்கும்போது பட்டறைக்குக் கைகொடுக்கிறது.

ஏற்காட்டு மிளகைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அங்கே பாடம் தெளிவு. சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். காப்பி விலை விழுந்த வருஷத்தில் மிளகுதான் தோட்டத்தைத் தாங்கும். வியட்நாம் மிளகு இலங்கை வழியாக வருகிறது என்ற புகாரின் பேரில், 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள். 2018 மார்ச்சில் அதற்குக் கீழான இறக்குமதிக்குத் தடையே வந்தது. அப்படியும் அடுத்த இரண்டு ஆண்டுகளில் உள்நாட்டு விலை 400க்கும் கீழே போனது. ரசீதில் 500 என்று எழுத ஒரு பேனா போதும், இலங்கை ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 2,500 டன் வரியில்லாமல் வரவும் இடம் இருந்தது. பிறகு விலை ஏறியது, வியட்நாமில் விளைச்சல் குறைந்தபோது. நான் பார்த்த கருவிகளில் மிகவும் பலவீனமானது இந்த விலைத் தளம்தான். காப்பிக்கு 100 சதவீத இறக்குமதி வரி இருக்கிறது, அதனால் ஏற்காட்டுக்குப் பெரிய நன்மை இல்லை. நாடு விளைவிப்பதில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குப் போகிறது, விலையை முடிவு செய்வது லண்டனும் நியூயார்க்கும்.

இனி பணமாகக் கொடுக்கும் வழிகள் இரண்டை எதிரெதிரே வைத்துப் பார்ப்போம். 2021இல் ஜவுளிக்கு 10,683 கோடி ரூபாயில் உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டம் வந்தது, செயற்கை இழைத் துணிகளுக்கும், மருத்துவம், தொழிற்சாலை போன்றவற்றில் பயன்படும் தொழில்நுட்ப ஜவுளிக்கும். சேர வேண்டுமானால் குறைந்தபட்ச முதலீடு ஒரு பிரிவில் 300 கோடி, இன்னொன்றில் 100 கோடி. 2025 அக்டோபரில் அதைப் பாதியாகக் குறைத்தார்கள். பாதி என்றாலும் 50 கோடி. பத்துத் தறி வைத்திருப்பவருக்கும் அந்தத் திட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

மறுபக்கம், எம்.ஜி.ஆர். காலத்தில் 1983இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம். ஏழை மக்களுக்குப் பொங்கலுக்குத் துணி, நெசவாளருக்கு வேலை என்று இரண்டு நோக்கங்களோடு வந்தது. ஒன்றே முக்கால் கோடி சேலை, அதே அளவு வேட்டி என்று கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகத் தறிகளுக்கு ஆர்டர் போகிறது. குறைகள் உண்டு, நூல் தாமதமாக வரும், கூலி தாமதமாக வரும், கடைசி நேர அவசரத்தில் தரம் விழும். ஆனாலும் சின்னத் தறிக்காரர் வரை போய்ச் சேருகிற ஒரே பாதுகாப்பு இதுதான். எந்த நாடும் வரி போட்டு இதைத் தடுக்க முடியாது, இதனால் யாருடைய நூல் விலையும் ஏறாது. ஊக்கத்தொகையா, அரசுக் கொள்முதலா என்றால் சேலத்துக்கு நான் யோசிக்காமல் கொள்முதலைச் சொல்வேன். ஜவ்வரிசிக்கும் இதே வழி வேண்டும். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வராமல் போனதால் பிறந்த தொழில் அது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு அமைந்ததும், பின்னால் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதற்குப் பெரிய பலம். சத்துணவில் வாரம் ஒரு நாள் ஜவ்வரிசி என்று வைத்தால் மரவள்ளி போட்ட விவசாயிக்கும் ஆலைக்கும் நிச்சயமான சந்தை ஒன்று கிடைக்கும்.

ஆக என் வரிசை இது. மூலப்பொருளின் மேல் இருக்கும் வரியை எடுப்பது முதலில். அரசுக் கொள்முதல் அடுத்தது. செய்துமுடித்த பொருளுக்கான உரிமமும் ஈடுகட்டு வரியும், காலம் குறித்து, மூன்றாவது. நூலுக்கும் தகட்டுக்கும் கட்டாய முத்திரையும், விலைத் தளமும் கடைசி.

ஒரு தடை மிச்சம் இருக்கிறது. வெளிநாட்டார் அடிமாட்டு விலைக்குச் சரக்கைக் கொண்டுவந்து கொட்டுவதற்கு எதிரான பொருள் குவிப்புத் தடுப்பு வரி வேண்டும் என்று டெல்லியில் மனு போட, மனுதாரர்கள் உள்நாட்டு உற்பத்தியில் குறைந்தது 25 சதவீதமாவது செய்கிறவர்களாக இருக்க வேண்டும், செலவும் விற்பனையும் நஷ்டமும் கணக்கோடு காட்ட வேண்டும். நான்கைந்து பெரிய ஆலைகள் உள்ள தொழிலுக்கு இது ஒரு வக்கீல் வேலை. வீடு வீடாகச் சிதறிக் கிடக்கும் கொலுசுத் தொழிலுக்கு யார் கணக்கு எடுப்பது? மாவட்டத் தொழில் மையமும் கொலுசு உற்பத்தியாளர் சங்கங்களும் சேர்ந்து, எத்தனை வீடுகளில் வேலை நடக்கிறது, கிலோவுக்கு எவ்வளவு கூலி, எந்த ஆண்டில் எவ்வளவு குறைந்தது என்பதை ஆண்டுதோறும் எழுத்தில் எடுத்து வைக்க வேண்டும். ஆசியான் பேச்சுக்குப் போகிற அதிகாரிகளின் கையில் அந்தக் கணக்கு இருந்தால்தான் 35 சதவீதக் கேள்வியை அவர்கள் தாய்லாந்திடம் கேட்க முடியும்.